ஆங்கில மொழித்திறன் தேர்வுப் பயிற்சியும் தமிழிலக்கண அறிவும்: வேதாரண்யம் வட்டாரத் தேர்வர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டு உயர்கல்விக்கும் செவிலியர் பணிக்கும் ஆங்கில மொழித்திறன் தேர்வில் பெறும் மதிப்பெண் இன்றியமையாததாகிவிட்டது. இத்தேர்வுக்கான பயிற்சி பெரும்பாலும் மாதிரி வினாத்தாள்களையும் ஆயத்த விடைகளையும் நம்பியே நடைபெறுகிறது. தமிழ்வழியில் பயின்றோர் இத்தேர்வில் தடுமாறும் இடங்கள் பல, தமிழிலக்கணம் முன்னரே பெயரிட்டு விளக்கியுள்ள இடங்களே என்பதை இக்கட்டுரை ஒலி, தொடர், கட்டுரையமைப்பு, பேச்சு ஆகிய நிலைகளில் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மொழித்திறன் தேர்வு, உறழ்மொழியியல், குற்றியலுகரம், பால்பகா அஃறிணைப் பெயர், எழுவகை மதம், இரட்டை வழக்கு.

முன்னுரை

மறைக்காடு, வேதாரண்யம் என்னும் இரு பெயர்களும் ஒன்றையொன்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பன. உப்பளமும் மீன்பிடியும் மல்லிகையும் மாவும் இவ்வூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் வாழவைப்பன. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் உப்பள்ளியது இக்கடற்கரையில்தான். 1946இல் சர்தார் வேதரத்தினம் நிறுவிய கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலம், பெண்கல்வியை இப்பகுதியில் வேரூன்றச் செய்த அமைப்புகளுள் ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் தென்னையும் மாவும் பெருமளவில் சாய்ந்தன. ஆண்டுக்கணக்கில் வளர்த்த மரங்களை ஓரிரவில் இழந்த வட்டாரத்தில், படித்த பிள்ளைகளின் வெளிநாட்டு வேலை என்பது வெறும் ஆசையன்று, குடும்பத்தின் கணக்கு.

அந்தக் கணக்கில் அரை மதிப்பெண்ணுக்கும் இடமுண்டு. பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற விரும்புவோர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 பெற வேண்டும் என்பது அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் விதி. எழுதுதலில் 6 பெற்றவர் ஏனைய மூன்றிலும் 8 பெற்றிருந்தாலும் விதியை நிறைவு செய்தவராகார். ஒருமுறை தேர்வெழுதக் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் மேல். தேர்வு மையத்திற்குத் திருச்சிராப்பள்ளி, சென்னை போன்ற நகரங்களுக்குச் செல்ல வேண்டும். பெற்ற மதிப்பெண்ணுக்கும் ஆயுள் இரண்டாண்டே. ஆகவே பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா, கற்பித்தல் முறையோடு மட்டும் நிற்பதன்று.

தேர்வின் அமைப்பு

1989இல் நடைமுறைக்கு வந்த ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு நான்கு திறன்களையும் தனித்தனியே 0 முதல் 9 வரையிலான அளவில் மதிப்பிடுகிறது. கேட்டலிலும் படித்தலிலும் நாற்பது நாற்பது வினாக்கள். ஒலிப்பதிவு ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். எழுதுதலில் 150 சொற்களில் ஒரு விளக்கமும் 250 சொற்களில் ஒரு கட்டுரையும் ஒரு மணி நேரத்திற்குள் எழுத வேண்டும். இரண்டாவதற்கு மதிப்பு இருமடங்கு. பேசுதல் தேர்வாளரோடு நேரில் நிகழும் 11 முதல் 14 நிமிட உரையாடல். டோஃபல், பி.டி.இ. ஆகியவை அமைப்பில் வேறுபட்டாலும் நோக்கில் ஒத்தவை. ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கே உரியது.

தாய்மொழியின் அமைப்பு அயல்மொழிக் கற்றலில் குறுக்கிடும் என்பதை இராபர்ட் லேடோ 1957இல் உறழ்மொழியியல் நோக்கில் விரித்துரைத்தார். கற்போர் உருவாக்கிக்கொள்ளும் மொழி, இருமொழிக்கும் இடைப்பட்ட தனியொரு மொழி என்று லாரி செலிங்கர் 1972இல் அக்கருத்தைத் திருத்தினார். பிழைகள் யாவும் தாய்மொழியால் விளைவன அல்ல என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. எனினும் தமிழர்க்கேயுரிய பிழைகளைத் தமிழைக் கொண்டே விளக்க முடியும் என்பதை அது மறுக்கவில்லை. பயிற்சி வகுப்புகளோ தமிழை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன.

ஒலிநிலை: கேட்டலில் நழுவும் இறுதி

தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. முடியுமிடத்துக் குற்றியலுகரம் ஏறும். ஆகவே ஆங்கிலச் சொற்கள் தமிழர் நாவில் லைட்டு, பேங்க்கு, புக்கு என்றாகின்றன. பேச்சில் இது பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. கேட்டலில்தான் இழப்பு மிகுதி. சொல்லிறுதியில் ஓர் உகரத்தை எதிர்பார்த்துப் பழகிய செவி, ஆங்கிலேயர் வெடிப்பின்றி விழுங்கிவிடும் இறுதி வல்லொலியையும், அதனோடு ஒட்டிவரும் பன்மைக்குரிய 'ஸ்' ஒலியையும், இறந்தகாலத்துக்குரிய 'ட்' ஒலியையும் தவறவிடுகிறது.

பன்மையில் இடர் இரட்டிப்பாகிறது. 'மூன்று படகு வந்தது' என்பது தமிழில் இயல்பான தொடர். படகு என்பது பால்பகா அஃறிணைப் பெயர். எண்ணோ வினையோ பாலை உணர்த்திவிடும். 'கள்' விகுதி கட்டாயமன்று. இவ்வாறு பன்மையை விகுதியில் தேடாமல் சூழலில் தேடப் பழகியவர், கேட்டல் விடைத்தாளில் 'ஸ்' இன்றி எழுதிவிடுகிறார். ஒருமையாக எழுதப்பட்ட பன்மை விடைக்கு மதிப்பெண் இல்லை. கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதைவிட, பால்பகா அஃறிணைப் பெயரை நினைவூட்டுவது பயன்தரும்.

ஒலிப்புடை ஒலி, ஒலிப்பிலா ஒலி வேறுபாடும் இவ்வாறே. தமிழில் ககரம் எங்கே எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. அவ்வேறுபாடு பொருள் மாற்றம் செய்வதில்லை. வெள்ளாட்டையும் மேலங்கியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தமிழெழுத்தில் 'கோட்' என்றே எழுத முடிகிறது என்பது இதற்குப் போதிய சான்று. ஆங்கில உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் பழகும் குறிப்பேட்டு முறை எங்கே உதவாது என்பதையும் இதே சான்று காட்டுகிறது. பதின்மூன்று, முப்பது ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை வேறுபடுத்துவதில் இறுதி ஒலியோடு அழுத்தத்தின் இடத்துக்கும் பங்குண்டு. சொல்லழுத்தம் பொருளை மாற்றாத மொழிக்குரியவர் அதைத் தனியே பயில வேண்டும்.

தொடர்நிலை: உப்பும் உப்பையும்

ஆங்கிலச் சுட்டு அடைகள் தமிழர்க்குக் கடினம். காரணம் தமிழில் அவை இல்லாமை என்பர். இது பாதி உண்மையே. 'உப்பு அள்ளினார்கள்' என்பதற்கும் 'உப்பை அள்ளினார்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வேதாரண்யத்துச் சிறுபிள்ளையும் உணரும். முன்னது பொதுவாக உப்பள்ளும் செயல். பின்னது பேசுவோரும் கேட்போரும் அறிந்த குறிப்பிட்ட உப்பு. அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் வருவதால் விளையும் இவ்வேறுபாடு, ஆங்கிலம் 'த' என்னும் அடையால் காட்டும் வேறுபாட்டுக்கு மிக அணுக்கமானது. முழுதும் ஒத்ததன்று, எழுவாயில் இது செல்லாது. ஆயினும் விதிகளை மனப்பாடம் செய்விப்பதற்கு முன் இந்த உணர்விலிருந்து தொடங்கலாம்.

எழுதுதலின் முதற்பகுதியில் சில வேளை ஒரு பொருள் உருவாகும் முறையைப் படமாகத் தந்து விளக்கச் சொல்வர். பயிற்சிக்கு அயல்நாட்டுத் தொழிற்சாலைப் படங்களே தரப்படுகின்றன. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களைக் கண்டு வளர்ந்தவருக்கு அவற்றைவிட நல்ல பயிற்சிப்பொருள் உண்டு. 'கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, உப்பு விளைந்ததும் வாரிக் கரையில் குவிப்பர்.' இத்தொடரில் முற்று ஒன்றே; ஏனைய வினைகள் எச்சங்கள்; எழுவாய் தோன்றா எழுவாய். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல, ஒவ்வொரு நிலைக்கும் காலங்காட்டும் முற்றுவினையும், செய்பவர் தோன்றாதபோது செயப்பாட்டு வினையும் வேண்டும். தமிழ் வினையெச்சத் தொடரை அப்படியே பெயர்த்தால் வாக்கியம் முடிவின்றி நீளும். எச்சங்களை எண்ணி, அத்தனை முற்றுகளாக உடைத்தெழுதச் செய்வது எளிய பயிற்சி.

'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் வழுவன்று. இதே வினையமைப்பை 'நேற்று' என்னும் சொல்லோடு ஆங்கிலம் ஏற்பதில்லை. ஆண்டு குறித்த வரைபட விளக்கங்களில் மிகுதியாகக் காணக்கூடிய இப்பிழைக்கு மூலம் இதுவே.

கட்டுரை: பவணந்தியாரின் துணை

எழுதுதலின் இரண்டாம் பகுதி ஒரு கருத்தைத் தந்து, எந்த அளவுக்கு உடன்படுகிறீர் என்று வினவும். இங்குதான் ஆயத்தக் கட்டுரைகள் பெரிதும் விற்பனையாகின்றன. எந்தத் தலைப்புக்கும் பொருந்துமாறு வார்க்கப்பட்ட தொடக்கமும் முடிவும் எந்தத் தலைப்பையும் தொடுவதில்லை.

நூலுக்குரிய எழுவகை மதங்களை நன்னூல் பொதுப்பாயிரம் வகுத்துள்ளது. உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை ஏற்றுப் பின் களைதல், தான் ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடுமிடத்து ஒருபக்கம் துணிதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். தேர்வில் வரும் வினாவகைகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையே கேட்கின்றன. இருதரப்பையும் பேசித் தன்கருத்தைக் கூறுக என்பது ஒருதலை துணிதல். தமிழ் பயின்ற மாணவர் வினாவைக் கண்டதும் எம்மதம் வேண்டப்படுகிறது என்று தம்மையே கேட்டுக்கொண்டால், கட்டுரையின் வடிவம் வினாவிலிருந்தே எழும்.

அந்நூல் கூறும் பத்துக் குற்றங்களும் மதிப்பீட்டு அளவுகோலுக்கு அருகில் நிற்கின்றன. சொல்லளவு குறைதல் குன்றக் கூறலோடும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வழங்குதல் கூறியது கூறலோடும், தலைப்பை விட்டு விலகுதல் மற்றொன்று விரித்தலோடும், ஆயத்தத் தொடர்களை அடுக்குதல் வெற்றெனத் தொடுத்தலோடும் ஒப்பிடத்தக்கன. எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நூலையும் இன்றைய தேர்வையும் ஒன்றெனக் கொள்வது மிகை. மாணவர் முன்பே அறிந்த சொற்களால் புதியதை விளக்குவது பயிற்றுமுறை.

பேசுதல்: இரட்டை வழக்கின் நிழல்

வேதாரண்யத்தில் எழுந்தருளியுள்ள அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். பேசுதல் தேர்வுக்கு அஞ்சுவோர் நாடத்தக்க தெய்வம்தான். அப்பெயரே ஓர் இலக்கணப் பாடமாகவும் உள்ளது. 'பழித்த' என்னும் பெயரெச்சம் தமிழில் பெயருக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கிணையான தொடர் பெயருக்குப் பின்னே இணைப்புச்சொல்லோடு வர வேண்டும். எழுதும்போது நேரமெடுத்துத் திருப்பிக்கொள்ளக்கூடிய இவ்வரிசை, பேசும்போது நாவைத் தடுக்கிறது.

இதனினும் ஆழமானது வழக்குச் சிக்கல். தமிழர் வீட்டில் பேச்சுவழக்கையும் மேடையிலும் தேர்விலும் எழுத்துவழக்கையும் கையாளுவர். தேர்வு என்றால் எழுத்துவழக்கு என்னும் இவ்வுணர்வு ஆங்கிலத்திற்கும் தொடர்கிறது. விளைவாகத் தேர்வர் உரையாடாமல் ஒப்பிக்கிறார். மனப்பாட விடையைத் தேர்வாளர் எளிதில் இனங்காண்பர். இடைமறித்து வேறொன்றைக் கேட்டவுடன் ஓட்டம் அறுந்துவிடும். இரண்டாம் பகுதியில் தரப்படும் ஒரு நிமிட ஆயத்த நேரத்தில் முழுவாக்கியங்களை எழுத முயல்வதும் இதே பழக்கத்தால்தான். நான்கைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் ஒருவரிடம் சொல்வதுபோல் முதலில் பேச்சுத்தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் அதே செய்தியைச் சொல்லிப் பழகுவது இதற்கு மாற்று.

ஓ.இ.டி. தேர்வில் செவிலியர், நோயாளியோடு பேசும் இரு காட்சிகளை நடித்துக்காட்ட வேண்டும். நோயாளியின் நிலையுணர்ந்து பேசுவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. 'அவர்' என்னும் ஒரு சொல்லால் ஆணையும் பெண்ணையும் மதிப்போடு சுட்டிப் பழகியவர், ஆங்கிலப் படர்க்கைப் பெயர்களில் பால் மயங்குவது இங்கு உடனே வெளிப்படும். அதனினும் நுட்பமானது ஏவல். 'கைய நீட்டுங்கம்மா, ஒண்ணும் ஆகாது' என்பதில் கனிவு முழுவதையும் 'ங்க' விகுதியும் 'அம்மா' என்னும் விளியும் சுமக்கின்றன. இரண்டையும் களைந்து வினையை மட்டும் பெயர்த்தால் ஆங்கிலத்தில் எஞ்சுவது அதட்டல். அக்கனிவை ஆங்கிலம் வினாத்தொடராலும் 'குட்', 'வுட்' போன்ற துணைவினைகளாலும் உணர்த்துகிறது. கடுமையாகப் பேசியதாகக் கருதி மதிப்பெண் குறைக்கப்படக்கூடிய செவிலியர், தம் ஊர் மருத்துவமனையில் எல்லோரினும் மென்மையாகப் பேசுபவராக இருக்கலாம்.