கிட்ட வா... கிட்டி இருக்கு!

வேட்டைன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? அடர்ந்த காடு, ஜீப்பு, தோள்ல துப்பாக்கி, தூரத்துல ஒரு மான்... ஸாரி பாஸ்! எங்க மயிலாடுதுறைப் பக்கம் மலையும் கிடையாது, காடும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வாய்க்கால், வரப்பு, நடுவுல ஒரு கோயில் கோபுரம். ஆனாலும் இந்த மண்ணுல வேட்டை உண்டு. அதுவும் ஃபேமிலியோட கிளம்புற வேட்டை. புருஷன், பொண்டாட்டி, மச்சான், பக்கத்து வீட்டு மாமான்னு ஒரு டீமே வயல்ல இறங்கும். துப்பாக்கிக்குப் பதிலா தோள்ல ஒரு கட்டு மூங்கில். பேரு, கிட்டி. டார்கெட்..? எலி!

சிரிச்சாச்சா? இப்போ எதிராளியைப் பத்திக் கொஞ்சம் கேளுங்க. நம்ம ஹாஸ்டல் ரூம்ல சோப்பைக் கடிச்சுட்டு ஓடுற ஆசாமி இல்லை இது. வயல்ல இருக்கறது கரம்பை எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலின்னு ஒரு கூட்டணி. அதுல கரம்பை எலிதான் தலைவர். டெல்டா வயல் பூரா தண்ணி நிக்கும்போது காய்ஞ்ச இடம்னு இருக்கறது வரப்பு மட்டும்தான். அதனால வரப்பைக் குடைஞ்சு குடும்பம் நடத்தும். வரப்பு ஓட்டையானா, மேட்டூர்லேர்ந்து அத்தனை தூரம் வந்த தண்ணி ஒரே ராத்திரியில அடுத்த வயலுக்குப் போயிடும். பயிர்த் தண்டைக் கத்தியால சீவின மாதிரி சாய்வா வெட்டிப் போடும். தின்கிறது கொஞ்சம், வீணாக்கறதுதான் நிறைய. அறுப்பு நெருங்கினா கதிரை இழுத்துட்டுப் போய் வளைக்குள்ள குடோனே போட்டுடும். சினைக் காலம் சுமார் மூணே வாரம், ஒரு ஈத்துக்கு ஆறு, எட்டு குட்டி. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க. ப்ளஸ் டூ-வில் படிச்ச பெருக்குத் தொடர் இதுக்காவது உதவட்டும்!

இனி கிட்டி. இதைப் பார்த்ததும் என்னோட மெக்கானிக்கல் மூளை ஒரு நிமிஷம் நின்னுடுச்சு. மூங்கில் பிளாச்சை வில்லா வளைச்சு நாண் கட்டியிருப்பாங்க. வளைஞ்ச மூங்கில்ல சக்தி சேர்ந்து நிக்கும். செமஸ்டர்ல ‘ஸ்ட்ரெய்ன் எனர்ஜி’ன்னு பக்கம் பக்கமா எழுதறோமே, அதேதான். அந்தச் சக்தியைப் பிடிச்சு நிறுத்தி வெக்கிறது ஒரு சின்னக் குச்சி. பக்கத்துல இரை. எலி வந்து இரையை இழுத்தா குச்சி நழுவும், வில் நிமிரும், நாண் கழுத்தை இறுக்கும். கண்ணிமைக்கிற நேரம்! மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. உடைஞ்சா வேலியில ஒரு மூங்கில் வெட்டி மறுநாளே ரெடி பண்ணிடலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே எலி ஒழிப்புக்கான பரிந்துரையில ‘தஞ்சாவூர் கிட்டி’ன்னு ஊர்ப் பேரோட இதைச் சேர்த்திருக்கு. வீணைக்கும் தட்டுக்கும் தலையாட்டி பொம்மைக்கும் தஞ்சாவூர் பேரைச் சொல்ற நாம, இதை ஏன் விட்டோம்னு தெரியலை.

ஆனா கிட்டி செய்யறது பாதி வேலைதான். அதை எங்கே வெக்கிறதுங்கறதுலதான் மொத்த வித்தையும் இருக்கு. நூறு வளை இருக்கும், அத்தனையிலும் எலி இருக்காது. வாயில ஈர மண் புதுசாத் தள்ளிக் கிடக்கா? பக்கத்துல புழுக்கை ஃப்ரெஷ்ஷா இருக்கா? புல்லுக்கு நடுவுல வழவழன்னு ஒரு தடம் ஓடுதா? சந்தேகம்னா ஒரு டெஸ்ட் உண்டு. சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால மூடிடணும். காலையில எது திறந்து கிடக்கோ, அங்கே ஆள் இருக்கு. ‘உயிர் வளை’ கண்டுபிடிக்கறதுக்கு வேளாண் ஆராய்ச்சிக்காரங்களும் இதே முறையைத்தான் வெச்சிருக்காங்க.

இருட்டறதுக்குள்ள கிட்டி வெச்சாகணும். எலி ராத்திரி டூட்டி. ஒருத்தர் தடம் பார்த்துக் காட்ட, ஒருத்தர் நாண் இழுத்துப் பூட்ட, ஒருத்தர் இரை வெக்க... நெல், பொரி, கருவாடு, எதுக்கு எலி மயங்குமோ அது. விடியறதுக்கு முன்னாடி மறுபடி வரணும். லேட்டானா காக்காயும் நாயும் வசூல் பண்ணிட்டுப் போயிடும். எந்த வரப்புல எத்தனையாவது அடியில வெச்சோம்ங்கறது அத்தனையும் மண்டைக்குள்ளதான். ஜி.பி.எஸ்-ஸாவது ஒண்ணாவது!

அறுப்பு முடிஞ்சா ஆட்டம் மாறும். இப்போ மண்வெட்டி. வளைக்கு ஒரு வாசல் இல்லை, நாலஞ்சு இருக்கும். ஒருத்தர் தோண்ட, மத்தவங்க ஆளுக்கு ஒரு வாசலைக் காக்கணும். தனியா வந்தா எலி உங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் பின்வாசல் வழியாப் போயிடும். இந்த வேட்டைக்குக் கூட்டு ஏன் வேணும்னு அப்போ புரியும்.

வளைக்குள்ள புகை போட்டு எலியைத் திணற வெச்சுப் பிடிக்கறதும் உண்டு. வட மாவட்டங்கள்ல இருளர் குடும்பங்கள் இதுக்கு மண்பானையைப் பயன்படுத்துவாங்க. பானைக்குள்ள வைக்கோலைக் கொளுத்தி, ஓட்டை வழியா வாயால ஊதணும். எலியைவிட அதிகமா ஊதுறவங்கதான் புகையைக் குடிச்சாங்க. கை சுட்டுச்சு, உதடு சுட்டுச்சு, நெஞ்சு கெட்டுச்சு. இதுக்கு மாற்றா, கையால சுத்துற விசிறி வெச்ச எஃகுக் கருவி ஒண்ணை உருவாக்கின சென்னைத் தொண்டு நிறுவனத்துக்கு 2003-ல உலக வங்கியோட டெவலப்மென்ட் மார்க்கெட்பிளேஸ் போட்டியில பரிசுப் பணம் கிடைச்சது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைன்னு புலம்பற புண்ணியவான்களே, ஒரு கைப்பிடி, ஒரு விசிறி, அவ்வளவுதான்!

சரி, மருந்து வெச்சுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. வெக்கிறாங்களே... 49 பங்கு இரைக்கு ஒரு பங்கு ஜிங்க் பாஸ்பைடு. ஆனா எலி உஷார் பார்ட்டி. ஒரு தடவை கொஞ்சமாத் தின்னு வயித்தைக் கலக்கிடுச்சுன்னா மறுபடி அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காது. விஷம் தின்ன எலியைத் தின்னு கூகையும் சாகலாம். கூகை யாருன்னு நினைக்கிறீங்க? ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு எலியைச் சம்பளமே வாங்காம முடிச்சுட்டுப் போற ஆளு! அது வந்து உட்காரத்தான் வயல்ல ‘டி’ வடிவத்துல குச்சி நட்டு வெக்கச் சொல்றாங்க.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. எலிக்காகன்னு வரப்பைச் சுத்திக் கம்பி கட்டிக் கரன்ட் விடறது. சட்டப்படி குற்றம். விடியக்காலையில மடை திறக்கப் போன மனுஷங்க, சொந்த வயல்ல தான் கட்டின கம்பியிலேயே மிதிச்சு செத்துப்போன செய்தி தமிழ்நாட்டுல திரும்பத் திரும்ப வருது. டிரிபிள் ஈ நண்பர்களே, 230 வோல்ட்டுக்கு எலி எது, மனுஷன் எதுன்னு தெரியாதுன்னு ஊருக்குப் போகும்போது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. கிட்டி கால்ல பட்டா ‘ஆ’ன்னு ஒரு கத்து, அதோட சரி.

இன்னொரு சிக்கல். உங்க வயல்ல மட்டும் பிடிச்சா பிரயோஜனமில்லை. பக்கத்து வயல் எலிக்கு உங்க வரப்பு ‘வீடு வாடகைக்கு’ போர்டு மாட்டின மாதிரி. ஊரே ஒரே வாரத்துல இறங்கணும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வியட்நாம், இந்தோனேஷியா பக்கம் சொல்லிக்கொடுத்த முறையும் கூட்டு முறைதான். ஒரு சின்ன வயல்ல மட்டும் முன்கூட்டியே நட்டு, பிளாஸ்டிக் வேலி கட்டி, வேலி ஓட்டையில பொறி வெக்கிறது. முதல்ல விளையற பயிரைத் தேடி ஊர் எலியெல்லாம் அங்கே வந்து மாட்டும். செலவு ஒருத்தர் தலையில, லாபம் எல்லாருக்கும். அதனால பங்கு போட்டுத்தான் செய்யணும்.

வளைக்குள்ள கை விடறப்போ உள்ளே எலிதான் இருக்கும்னு எந்த கேரன்ட்டியும் இல்லை. எலியைத் தேடி நல்ல பாம்பும் போயிருக்கலாம். அதனால எலி வேட்டைக்காரங்களுக்குப் பாம்புத் தடமும் அத்துப்படி. இருளர்கள் இதுல உலக சாம்பியன்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன பிறகு, 1978-ல ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில அவங்களுக்குன்னு பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வந்தது. விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்குது. 2016-ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல மலைப்பாம்பு பிடிக்கிற போட்டி நடந்தப்போ, ஆயிரம் பேருக்கு மேல இறங்கி ஒரு மாசத்துல பிடிச்சது 106. அடுத்த வருஷம் ஜனவரியில மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களைக் கூப்பிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு! இங்கிலீஷ் பேச மொழிபெயர்ப்பாளர் வேணும், பாம்பு பேசினா நேரா புரியும். ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ.

எங்க ஊர்க் கிட்டிக்காரங்களுக்கு விருதெல்லாம் வேண்டாம், கிண்டல் இல்லாம இருந்தா போதும். பிடிச்ச வயல் எலியைச் சுட்டுக் குழம்பு வெச்சுச் சாப்பிடறது இங்கே பல வீடுகள்ல பழக்கம். நெல்லு தின்னு கொழுத்த எலி, அறுப்பு சீசன்ல விசேஷம். 2017-ல டெல்லி ஜந்தர் மந்தர்ல நம்ம விவசாயிகள் வாயில எலியைக் கவ்விப் போராடின போட்டோவை நாடே பார்த்தது. வறட்சியோட கொடுமையைச் சொல்ல அந்தப் போராட்டம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனா எலிக்கறின்னாலே பஞ்சம், கேவலம்னு ஒரு எண்ணத்தையும் அந்தப் படம் கூடவே பதிய வெச்சிடுச்சுன்னு எனக்குத் தோணும். கேன்டீன்ல சிக்கன் லாலிபாப் கடிச்சுக்கிட்டே முகம் சுளிக்கறவங்களைப் பார்த்தா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்கணும்னு இருக்கும்.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு. எலி மூத்திரம் கலந்த தண்ணியில வெறுங்காலோட நின்னா, கால்ல இருக்கற சின்னக் கீறல் வழியா எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போயிடும். கவனிக்காம விட்டா கிட்னி, கல்லீரல் வரைக்கும் பாதிக்கும். பூட்ஸும் கையுறையும் போட்டாப் பாதிப் பயம் போச்சு. ஆனா அந்தக் காசு எங்கிருந்து வரும்?

இங்கேதான் கணக்கு உதைக்குது. கிட்டிக்காரருக்குக் கூலி, எலிக்கு இவ்வளவுன்னுதான். அதாவது வாலை எண்ணிக் காசு. முத ராத்திரி கிட்டி நிறைய மாட்டும், அடுத்த ராத்திரி பாதி, மூணாவது ராத்திரி ஒண்ணு ரெண்டு. வேலையை எவ்வளவு சுத்தமா முடிக்கிறாரோ அவ்வளவு வேகமா அவர் வருமானம் குறையும். எலியே இல்லாத வயலைக் கொடுத்தவருக்குக் கையில மிஞ்சுறது வெறும் மூங்கில் கட்டு. அவர் பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போனா யார் என்ன சொல்ல முடியும்? வாலுக்குப் பதிலா, சீசனுக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்தோட பேசிக்கிட்டா, அந்தக் குடும்பம் முதல் நாற்று நடும்போதே வரப்பைச் சுத்த ஆரம்பிச்சுடும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல... உங்க தாத்தா வயல்ல கிட்டி வெக்கிறது யாரு, அவருக்குக் கணக்கு எப்படின்னு கேட்டுட்டு வாங்களேன்.