வயிற்றுப் பிள்ளையின் முகமும் கழுத்தும்: ஸ்கான் காட்டுவதும் காட்டாததும்

ஸ்கான் எடுத்துவிட்டு வரும் கர்ப்பிணியிடம் வீட்டிலுள்ளோர் கேட்கும் முதற் கேள்வி "ஆணா, பெண்ணா?" என்பதே. ஐந்தாம் மாதத்து ஸ்கான் அதற்காக எடுக்கப்படுவதன்று. பிள்ளையின் தலை, முள்ளந்தண்டு, இருதயம், கைகால்கள் ஆகியவற்றோடு முகத்தையும் கழுத்தையும் வைத்தியர் அப்போது பார்க்கின்றார். முகத்தில் ஏற்படும் குறைகள் பற்றி எம்மவரிடையே பயமும் பழிசொல்லும் அதிகம். ஆகவே அவற்றைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

ஸ்கான் என்பது எக்ஸ்றே அன்று. காதுக்குக் கேட்காத ஒலியை வயிற்றினூடாக அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியை அது படமாக்குகிறது. உலோகத்தில் மறைந்துள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் பாவித்த முறையையே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட் தாய்மாருக்குப் பயன்படுத்தினார். அவரும் அவருடன் உழைத்தவர்களும் 1958 இல் தமது முடிவுகளை வெளியிட்டனர்.

பிள்ளையின் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. பக்கங்களிலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வரும் பகுதிகள் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. கருவுற்று ஏறக்குறைய ஏழு கிழமைக்குள் மேலுதடு பொருந்திவிடும். அண்ணம், அதாவது மேல்வாய், 12 கிழமையளவில் மூடிவிடும். வரம்பு கட்டும்போது இருபக்கத்து மண்ணும் சந்திக்காத இடம் வாய் திறந்து நிற்பதுபோல, இப்பகுதிகள் சந்திக்கத் தவறினால் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ உண்டாகிறது. உலகளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்றில் இது காணப்படுகிறது.

கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தி எடுத்து மரக்கறி வெட்டியதால்தான் பிள்ளையின் உதடு பிளந்தது என்று சொல்வோர் இன்றும் உளர். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கிரகணம் வந்தால், அதற்கு வெகு முன்னரே உதடு பொருந்தி முடிந்திருக்கும். பிளவு ஏற்பட்டதும் அப்போதே. தாயைக் குற்றஞ்சாட்ட இடமில்லை. (தகப்பனை யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.) பரம்பரை ஒரு காரணம், புகைத்தல், மது, கட்டுப்படாத நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து எடுக்கும் பெண்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது; வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பந்தரிக்க முன்னரே வைத்தியரிடம் சொல்லி, தேவையானால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். போலிக் அமிலக் குளிசையையும் அப்போதே தொடங்குவது நல்லது. அது முக்கியமாக முள்ளந்தண்டுக் குறைகளைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது.

18 முதல் 22 கிழமைக்குள் எடுக்கப்படும் ஸ்கானில் உதடுகளை முன்புறமாகவும் நாடியைப் பக்கவாட்டாகவும் பார்ப்பார்கள். பிள்ளை கையால் முகத்தை மூடியிருந்தால் அல்லது முதுகுப் பக்கம் திரும்பியிருந்தால் முகம் தெரியாது. "இன்னொரு நாள் வாருங்கள்" என்பார்கள். ஏதோ மறைக்கிறார்கள் என்று எண்ணாமல் மீண்டும் போக வேண்டும். உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரியும். உதடு முழுமையாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், எலும்பின் நிழலாலும் நாக்காலும் அது பெரும்பாலும் தெரியாமலே போகும். ஆகவே ஸ்கான் "நல்லது" என்று வந்திருந்தாலும், பிறந்தவுடன் பிள்ளையின் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்கும்படி கேட்பது தவறன்று.

நாடி மிகச் சிறிதாகப் பின்வாங்கியிருந்தால் பிறந்தபின் நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கலாம். கழுத்தில் காணப்படும் குறைகளும் இப்படிப்பட்டவையே. 11 முதல் 14 கிழமைக்குள் பிடரித் தோலின் கீழுள்ள நீரின் தடிப்பை அளக்கிறார்கள். லண்டனில் பேராசிரியர் நிக்கொலெய்ட்ஸ் குழுவினர் 1992 இல் இந்த அளவின் பயனை வெளியிட்டனர். நீர் அதிகமாயின் நிறமூர்த்தக் குறையோ இருதயக் குறையோ இருக்கலாம் என்ற எச்சரிக்கை அது, தீர்ப்பன்று. மேலும் பரிசோதித்த பின் ஒன்றுமில்லாமல் ஆரோக்கியமாகப் பிறக்கும் பிள்ளைகளும் உண்டு.

கழுத்தின் முன்புறத்துக் கட்டியே அவசரமானது. கட்டி தொண்டையை நெரித்தால் பிள்ளையால் பன்னீர்க்குடத்து நீரை விழுங்க முடியாது. நீர் பெருகித் தாயின் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாகும். வயிற்றுக்குள் இருக்கும்வரை நச்சுக்கொடி மூலம் ஒட்சிசன் கிடைக்கிறது. பிறந்து கொடி வெட்டியதும் மூச்சுப் பாதை அடைபட்டிருந்தால் சில நிமிடங்களே உண்டு. இத்தகைய பிள்ளையை, சத்திர சிகிச்சையில் தலையை மட்டும் வெளியே எடுத்து, கொடி வேலை செய்துகொண்டிருக்கையிலேயே தொண்டைக்குள் குழாய் செலுத்திக் காப்பாற்றும் முறை உண்டு. அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிபுணர்களும் வசதியும் உள்ள பெரிய வைத்தியசாலையில் தாய் இருக்க வேண்டும். நோவு தொடங்கியபின் வாகனம் தேடிக் குன்றுங் குழியுமான பாதையில் போவது சரிவராது. முகாமிலோ தூரத்துக் குடியேற்றத்திலோ இருப்பவர்கள், எந்தத் திகதியில் போய்த் தங்குவது, வீட்டுப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை ஒரு மாதம் முன்னரே முடிவு செய்யவும்.

எல்லாக் கட்டியும் வெட்ட வேண்டியதன்று. தாய்க்குத் தைரொயிட் நோய் இருந்து மருந்து எடுத்தால் பிள்ளைக்கும் கழலை உண்டாகலாம். தாயின் மருந்தைச் சீராக்கும்போது அது சுருங்குவதுமுண்டு. ஆகவே பழைய நோய்களைக் கிளினிக்கில் மறைக்க வேண்டாம்.

குறை என்று கேட்டவுடன் "கலைத்துவிடலாம்" என்று புத்தி சொல்ல ஆட்கள் வருவர். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்குச் சட்டம் இடமளிப்பதில்லை. களவாகச் செய்வதால் தாயும் இறக்க நேரிடலாம். உதட்டுப் பிளவோ திருத்தக்கூடியது. உதட்டைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்திலும் அண்ணத்தை ஒரு வயதளவிலும் தைக்கிறார்கள். 1980களில் லண்டனிலிருந்து மைக்கல் மார்ஸ் தலைமையில் காலிக்கு வந்த குழுவினர், சிகிச்சையே பெறாமல் வளர்ந்த பெரியவர்கள் பலரைக் கண்டு அவர்களுக்கும் சத்திர சிகிச்சை செய்தனர். பிந்தினாலும் செய்யலாம், ஆயினும் பேச்சுத் திருந்துவதற்குச் சிறு வயதே நல்லது.

உதடு மட்டும் பிளந்த பிள்ளை பெரும்பாலும் தாய்ப்பால் உறிஞ்சும். அண்ணம் பிளந்திருந்தால் உறிஞ்ச வலுவிராது. தாய்ப்பாலைப் பீச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியாலோ சிறு கோப்பையாலோ சிறிது சிறிதாகக் கொடுக்கவும். மூக்கால் பால் வந்தால் பயப்படாது சற்று நிறுத்திப் பின் தொடரலாம்.

இடம் மாறும்போது கிளினிக் அட்டையையும் ஸ்கான் ரிப்போட்டையும் தாயே தன்னுடன் வைத்திருந்து, புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் நாளே காட்ட வேண்டும். படத்தைவிட வைத்தியர் எழுதிய ரிப்போட்டே முக்கியம். படம் அச்சிடப்படும் தாள் சூட்டில் கறுத்துவிடும். தகரக் கொட்டிலின் கூரையில் செருகி வைக்காமல், பொலித்தீன் பையில் இட்டு உடுப்புப் பெட்டியின் அடியில் வையுங்கள்.