கடல் கடந்த குரல்கள் – 7: அண்ணன் லியாங்

1949க்குப் பிறகு சீனக் கரை அடைபட்டதும், தென்சீனக் கரையின் மொழியான ஹொக்கியனில் படங்கள் ஹாங்காங்கில் உருவாகி மணிலா, சிங்கப்பூர், மலாயா, தைவான் என்று கப்பலேறியதும் நினைவிருக்கும். இந்த வாரம் சிங்கப்பூர் என்று சொல்லியிருந்தேன். ஒரு நடிகை குறுக்கே வந்துவிட்டார்.

லிங் போ. ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் ஸ்டூடியோ 1963இல் வெளியிட்ட மாண்டரின் படத்தில் லியாங் ஷான்போ என்ற காதலன் வேடம் அவருக்கு. பெண் ஆண்வேடம் கட்டுவது சீன இசைநாடகத்தில் பழைய வழக்கம்தான். ஆனாலும் தைப்பே நகரம் 'அண்ணன் லியாங்'கைப் பார்த்து நிலைகொள்ளாமல் போனது. அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஆண்டே அவர் நேரில் வந்தபோது தெருவெல்லாம் தலைகள். தைப்பேயைப் பித்தர்களின் நகரம் என்றே ஹாங்காங் பத்திரிகைகள் எழுதின. தைவானின் கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விருதுக்குழுவுக்கு வேறு கவலை: இவரை நடிகர் பட்டியலில் சேர்ப்பதா, நடிகை பட்டியலில் சேர்ப்பதா? கடைசியில் தனியாக ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.

இவர் புதுமுகமே அல்ல என்பதுதான் என்னை இந்த வாரம் தூங்கவிடாத செய்தி. சியாவ் ஜுவான் என்ற பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹொக்கியன் படங்களில் நடித்து முடித்திருந்தார். சியாமென் நகரத்தில் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து, சிறுமியாகவே ஹாங்காங் வந்து காமிரா முன் நின்றவர். அந்தப் படங்கள் சிறு முதலீட்டில் அவசர அவசரமாக எடுக்கப்பட்டவை. பணம் போட்டவர்களில் மணிலா, சிங்கப்பூர் வணிகர்கள் உண்டு. கண்டோனீஸ் பேசும் ஹாங்காங்கில் அவற்றுக்குக் கூட்டம் கிடையாது. தன் தெருவில் யாரும் பேசாத மொழியில், கடலுக்கு அப்பால் இருக்கும் ரசிகனை நம்பி ஓர் ஊர் இத்தனை படங்கள் எடுத்திருக்கிறது!

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1956இல் ஹோ சி-மிங்கின் இசைநாடகப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, தைவானே தன் ஹொக்கியனில் படமெடுக்க இறங்கியிருந்தது. ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள். இன்று மிஞ்சியவை சுமார் இருநூறு. மீதியை இனி யாரும் பார்க்க முடியாது.

வேலை குறைந்த லிங் போ பின்னணி பாடப் போனார். 1962இல் வந்த 'சிவப்பு மாளிகைக் கனவு' படத்தின் நாயகனுக்கு, முகம் காட்டாமல் பாடியது அவர்தான். அந்தக் குரலில் மயங்கிய இயக்குநர் லி ஹான்-சியாங் அந்த 1963 படத்தில் அவரை நாயகனாகவே நிறுத்தினார்.

தைப்பேயில் திரண்ட கூட்டத்தில் ஹொக்கியனை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் நிறைய. அவர்களுடைய மொழியில் அத்தனை படங்கள் நடித்தபோது கிடைக்காத வரவேற்பு மாண்டரினில் ஒரே படத்தில் கிடைத்தது. வண்ணம், பெரிய ஸ்டூடியோ, அரசின் ஆதரவு எல்லாம் மாண்டரின் பக்கம். அவரை வளர்த்துக் கொடுத்தது ஹொக்கியன் சினிமா. அதற்கு யாரும் விருது தரவில்லை.

சிங்கப்பூர் அடுத்த வாரம். 1979இல் லீ குவான் யூ தொடங்கிய 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம், ஆட்சிமொழியான தமிழ் ஒலித்த அதே தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியன் இறங்கியது, 1998இல் 'மணி நோ இனஃப்' படத்தோடு அது திரையரங்குக்குத் திரும்பியது, எல்லாம் அப்போது.