ஓரெழுத்து குறைந்தால்...

சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் அதில் 22 எழுத்துகளே கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. துண்டைக் கண்டார்கள். அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. வேறொரு மரபணு அனுப்பும் செய்தியோடு ஒட்டிக்கொண்டு, அதைச் செயல்படவிடாமல் அடக்குவதுதான் அதன் வேலை. 2000-இல் கேரி ருவ்குன் குழு கண்டெடுத்த லெட்-7 என்ற இன்னொரு துண்டு, புழுவில் மட்டுமல்ல, ஈயிலும் மீனிலும் மனிதரிலும் இருந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற இந்தத் துண்டுகளுக்காக இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றைத் தொகுக்க 2002-இல் 218 பதிவுகளோடு தொடங்கிய மிர்பேஸ் என்ற தரவுத்தளம், 2018-இல் 271 உயிரினங்களின் 38,589 பதிவுகளாக வளர்ந்தது. ஆனால் உயிரணுவுக்குள் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரே வடிவில் இருப்பதில்லை. நீண்ட இழையிலிருந்து அதை நறுக்கும் டைசர் போன்ற நொதிகள் சில சமயம் ஓரெழுத்து தள்ளி வெட்டுகின்றன. வேறு நொதிகள் வாலில் ஓரிரு எழுத்தைச் சேர்க்கின்றன. இந்த மாற்று வடிவங்கள்தான் ஐசோமிர்கள். வெகுகாலம் இவற்றைக் கழிவென்றே ஒதுக்கினார்கள்.

ஓரெழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது? லெட்-7 'யூ ஜி ஏ ஜி ஜி யூ ஏ ஜி யூ...' என்று தொடங்கும். எந்த மரபணுவை அடக்குவது என்பதைப் பெரும்பாலும் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகளே முடிவு செய்கின்றன. இங்கே அவை 'ஜி ஏ ஜி ஜி யூ ஏ ஜி'. முதல் யூ இல்லாமல் வெட்டுப்பட்டால் அதே இடங்களில் 'ஏ ஜி ஜி யூ ஏ ஜி யூ' வந்து நிற்கும். அடக்கப்படும் மரபணுக்களின் பட்டியலே மாறிவிடலாம்.

எனவே மாற்று வடிவங்களுக்கென்றே தனித் தரவுத்தளங்கள் எழுந்தன. 2016-இல் வெளியான ஐசோமிர் பேங்க், மனிதர், சுண்டெலி, பழ ஈ, நெல், தக்காளி உள்ளிட்ட 8 இனங்களின் 2,727 மாதிரிகளிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐசோமிர்களைத் திரட்டியது.

திரட்டுவதைவிடக் கடினம், எதை நம்புவது என்பது. லெட்-7 குடும்பத்தைச் சேர்ந்த லெட்-7ஏ வரிசையின் 19-ஆம் இடத்தில் ஏ-வுக்குப் பதில் ஜி தென்பட்டால் மூன்று காரணங்கள் இருக்கலாம். தனி மரபணுவிலிருந்து வருவதும் அங்கே இயல்பாகவே ஜி கொண்டதுமான லெட்-7சி-யாக அது இருக்கலாம். ஏடார் நொதி ஏ-வைத் திருத்தியிருந்தாலும் வரிசையை அறியும் கருவி அதை ஜி என்றே படிக்கும். கருவியே பிழையாகப் படித்திருக்கவும் கூடும். பாடபேதமா, ஏடெழுதியவரின் கைப்பிழையா என்று பழஞ்சுவடிகளை ஒப்புநோக்குகிறவர்களுக்கு எழும் அதே கேள்வி. விடை தேடும் வழியும் ஒப்புநோக்குவதுதான். ஒரே மாற்றம் பல மாதிரிகளில், பல ஆய்வகங்களில், நெருங்கிய உறவுள்ள வேறோர் இனத்திலும் திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயல் என்று தள்ளுவது கடினம். தரவுத்தளத்தில் பல இனங்கள் இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. செடிகளிலும் விலங்குகளிலும் இந்தத் துண்டுகள் தனித்தனியே பரிணமித்தவை என்பதால், நெல்லுக்கு மக்காச்சோளமும் மனிதருக்குச் சுண்டெலியுமே சாட்சி சொல்ல முடியும்.

இந்தச் சல்லடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிர்பேஸே உதாரணம். அதிலிருந்த 1,881 மனிதப் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட உறுதியான ஆதாரம் இல்லை என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

சலித்தெடுத்தால் பலன் பெரிது. எந்த ஐசோமிர் இருக்கிறது, எது இல்லை என்ற தகவலை மட்டுமே கொண்டு 32 வகைப் புற்றுநோய்களைப் பிரித்தறிய முடியும் என்று 2017-இல் காட்டினார்கள். அளவுகூடத் தேவைப்படவில்லை.