வேர்வைக் கணக்கு – 11: தொடை நடுவே ஓர் உப்பளம்

போன வாரம் வேர்க்குருவோடு நிறுத்தினோம். அதிலும் உப்பைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டவர்கள் இந்த வாரமும் தப்ப முடியாது. பாவாடை நாடா பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள், நடுவில் குயிலாப்பாளையம் வந்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரிய முதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பினால் ஆரோவில் போகிற வழியில் இருக்கிறது இந்த ஊர். செம்மண், முந்திரித் தோப்பு, வாடகை ஸ்கூட்டர், காபிக் கடை. இங்கிருந்து கொத்து வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஆரோவில்லுக்குள் போகிறவர்கள் பலர். கத்திரி வெயிலில் ஒரு நாள் பாடுபட்டுத் திரும்பும்போது சிலருடைய நடையே மாறியிருக்கும். காலை அகட்டி அகட்டி வைப்பார்கள். யாரும் ஏனென்று கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். தொடை இடுக்கு வெந்துபோயிருக்கும். மருந்துக் கடையிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அண்ணா, அந்தக் களிம்பு ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அந்தக் களிம்பில்தான் வினையே இருக்கிறது, பிறகு வருகிறேன்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. ஒல்லிப்பிச்சானுக்கும் வரும். வேண்டியது மூன்றே சங்கதி: ஈரம், உரசல், உப்பு. காய்ந்த தோல் காய்ந்த தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். நசநசவென்று வேர்த்த தோல் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணி தோலில் உரசும்போது உராய்வு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் வேர்வையில் ஒரு கிராமிலிருந்து நாலு கிராம் வரைக்கும் உப்பு இருக்கும். நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற நேரத்தில் வேர்வை காய்கிறது, உப்பு மட்டும் தொடையில் தங்கிவிடுகிறது. எழுந்து மறுபடி நடந்தால், இரண்டு தொடைக்கும் நடுவே உப்புத்தாளை வைத்துத் தேய்த்த கதைதான். அதனால்தான் முதல் நடையில் தெரியாத எரிச்சல், ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பும்போது சுரீரென்கிறது.

உப்பு என்றதும் மரக்காணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே சாலையில் இன்னும் வடக்கே போனால் சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளைக் குவியல்கள். அங்கே நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று வாருகிறவர்களின் பாத வெடிப்பு ஒரு தனி அத்தியாயம். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள் ஆய்வாளர்கள். அதே பாட்டில் வருகிற கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டிய ஊர். பாட்டின் தலைவனான சிற்றரசன் நல்லியக்கோடனைத் தேடி யாழைச் சுமந்துகொண்டு பாணர்கள் இந்தக் கடலோரமாகத்தான் நடந்திருக்கிறார்கள். அவர்கள் பசியையும் பரிசிலையும் பாடிய நத்தத்தனார் தொடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம்.

குயிலாப்பாளையத்துக்குத் திரும்புவோம். இந்தப் பக்கத்துச் செம்மண் தடங்களில் 2008இலிருந்து ஆரோவில் மாரத்தான் நடந்துவருகிறது. பிப்ரவரியில், காட்டுப் பாதையில். பரிசு கிடையாது, ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடலாம். ஆனால் 42 கிலோமீட்டர் ஓடுகிறவனின் சந்தோஷம் அவன் தொடையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் கிளம்புமுன் தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு எல்லா இடத்திலும் வாசலினை அப்பிக்கொள்வார்கள். மார்க்காம்பா என்று சிரிக்க வேண்டாம். ஈரப் பனியன் மணிக்கணக்கில் உரசி, பனியனில் இரண்டு ரத்தக் கோடு இறங்க ஓடி முடிக்கிற ஆண்கள் நிறைய.

இந்த வாசலின் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. 1859இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்ற ஊரில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற 22 வயது வேதியியல்காரர் அதைப் பார்க்கப் போனார். அங்கே துளைபோடும் கம்பிகளில் கறுப்பாக ஒரு பிசின் ஒட்டிக்கொண்டு இயந்திரத்தையே முடக்கிக்கொண்டிருந்தது. தொழிலாளிகளுக்கு அது பெரிய தொல்லை. சுரண்டி எறிவார்கள், திட்டுவார்கள். ஆனால் கையில் வெட்டோ சூடோ பட்டால் அதே பிசினை எடுத்துத்தான் பூசிக்கொள்வார்கள். செஸ்ப்ரோ அதைக் கொஞ்சம் ஊருக்கு அள்ளிக்கொண்டு போனார். வருஷக்கணக்கில் காய்ச்சி, எலும்புக் கரியில் வடிகட்டி, கறுப்பைப் போக்கினார். 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் யாரும் வாங்கவில்லை. ஊர் ஊராகப் போய், ஜனங்கள் பார்க்கத் தன் தோலையே சுட்டுக்கொண்டு, அதன்மேல் பூசிக்காட்டி, பழைய தழும்பையும் காட்டி விற்றார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. மனிதர் அதோடு நிற்கவில்லை, தினம் ஒரு ஸ்பூன் வாசலினைச் சாப்பிட்டார் என்கிறார்கள். 1933இல் சாகும்போது வயது 96. (நீங்கள் சாப்பிட வேண்டாம். பூசினால் போதும்.) இயந்திரத்தை ஓடவிடாமல் பண்ணிய சனியன், 150 வருஷம் கழித்துக் குயிலாப்பாளையத்துப் பக்கம் மனிதனை ஓடவைக்கிறது. இதைச் சொல்லத்தான் நாடாவைத் தள்ளிப்போட்டேன்.

வாசலின் புண்ணை ஆற்றுகிற மருந்தன்று. தோலுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கல் தருகிறது, வேர்வையும் உப்பும் வெந்த இடத்தைத் தொடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் பூச வேண்டியது கிளம்புமுன். எரிந்தபிறகு பூசினால் பாதிப் பலன். பௌர்ணமிக்கு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் பிடிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர். குளித்துவிட்டு ஈரம் போகத் துவட்டி, தொடையில் தடவிக்கொண்டு ஏறுங்கள், ஜீன்ஸ் போடாதீர்கள். வாசலின் இல்லையென்றால் விளக்கெண்ணெய். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் உள்ளே போய்விடும், பாதி வழியில் மறுபடி தடவ வேண்டிவரும். பவுடர் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சரி. வேர்த்து ஒழுகுகிற உடம்பில் அது கட்டி கட்டியாகத் திரண்டு, உப்புக்குத் துணைபோகும்.

துணி விஷயத்தில் நம் தாத்தாக்கள் கெட்டிக்காரர்கள். முட்டி வரைக்கும் தொளதொளவென்று இறங்கும் பட்டாபட்டி டவுசர் கிண்டலுக்கு ஆளானதே தவிர, தொடையும் தொடையும் தொட்டுக்கொள்ள அது விட்டதே இல்லை. புடவைக்குள்ளும் அதே மாதிரி முட்டி வரை பருத்தியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பி, கவட்டையில் நாலு தையலும் வந்து கூடுகிற இடத்தைக் கட்டைவிரலால் நெருடிக் காட்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு முண்டு. "இதுதான் சார் அறுக்குது. ரெடிமேட்ல இப்படியே விட்டுடுவாங்க. நான் சுத்தியால தட்டி, அமுத்தி இஸ்திரி போட்டுத்தான் குடுப்பேன்." அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் நாலு தையலும் ஒரே இடத்தில் முட்டாது என்றும் சொன்னார். இப்படித் தைக்கச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லையாம்.

வெந்தேபோய்விட்டதா? வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் உப்பு போகாது, இழுபடும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காற்றாட விடுங்கள். பிறகு வாசலினோ, குழந்தைகளுக்குப் போடுகிற ஜிங்க் ஆக்சைடு களிம்போ போதும். டெட்டால், எலுமிச்சை, கல்லுப்பு ஒத்தடம் மூன்றும் ஆகாது. மஞ்சள் அரைத்துப் போடச் சொல்லும் பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அம்மியில் அரைத்த திப்பியை வெந்த தோலில் தேய்க்க நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டு மூன்று நாளில் ஆற வேண்டும். ஆறாமல் அரித்து, ஓரம் சிவந்து வளையமாகப் படர்ந்தால் அது படர்தாமரை, டாக்டரிடம் போங்கள். சர்க்கரைக்காரர்கள் அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி அந்தக் களிம்பு. "அண்ணா, அந்தக் களிம்பு" என்று கேட்டு வாங்குகிற டியூப் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். போட்ட அன்றே எரிச்சல் அடங்கும், அதனால் ஊரெல்லாம் நல்ல பெயர். விட்டால் திரும்ப வரும், இன்னும் அகலமாக. தொடை இடுக்குத் தோல் ஏற்கனவே மெல்லியது. இது அதை இன்னும் மெலியவைத்து, வரி வரியாகக் கிழிக்கும். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. சீட்டு கேட்கிற கடை எத்தனை என்று உங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடாவுக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் வர்தாவிலும் மதுபனியிலும் உள்ள மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல வருஷம் இடுப்பில் இறுக்கிக் கட்டியது உரசி உரசிப் புண்ணாகி, ஆறாமல், தோல் புற்றுநோய் ஆகிவிட்டது. ஒருவருக்கு 70 வயது, பாவாடை நாடா. இன்னொருவர் பாவாடையே கட்டாதவர், புடவை முடிச்சே உரசியிருக்கிறது. மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் கறுத்து, செதில் உதிர்ந்து, ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த வாரம் வரும்வரை நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி, தினம் ஒரு விரல்கடை மேலோ கீழோ மாற்றிக் கட்டுங்கள். மெல்லிய கயிற்றை உருவிவிட்டு அகலமான பட்டியைக் கோப்பது எப்படி, நாலு முழத்துக்கு ஒரு விரல் அதிகமாகத் துணி எடுத்தால் போதுமா என்பதையெல்லாம் அதே தையல்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

(அடுத்த வாரம்: நாடா. இந்த முறை கட்டாயம்.)