சத்துப் பொடியில் வரும் ஈயம்

1958-இல் வெளிவந்த 'அட்டாக் ஆஃப் த 50 ஃபுட் உமன்' என்ற ஹாலிவுட் படத்தில் ராட்சத உருவெடுக்கும் பெண்ணாக நடித்தவர் அலிசன் ஹேய்ஸ். பின்னாளில் கால்சியம் சத்துக்காக எலும்புத் தூளில் செய்த மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்த அவருடைய உடல்நிலை படிப்படியாகக் குலைந்தது. மாத்திரையைச் சோதித்தபோது அதில் ஈயம் மிகுந்திருந்தது தெரியவந்தது. 1977-இல் அவர் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

எலும்பில் ஈயம் சேர்வதில் வியப்பில்லை. உடம்பு ஈயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்தறியாது; இரண்டையும் எலும்பிலேயே சேர்த்துவைக்கும். எலும்புத் தூள், சிப்பி ஓட்டுத் தூள், டோலமைட் பாறைத் தூள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மனிதர்களுக்கான 70 கால்சியம் தயாரிப்புகளைச் சோதித்தது. ஏறத்தாழ கால்வாசியில், சிறு குழந்தைகளுக்கு அன்று வைத்திருந்த தினசரி வரம்பைவிட ஈயம் கூடுதலாக இருந்தது.

இதே மூலப்பொருள்கள்தான் கூண்டுப் பறவைகளுக்கான சத்துப் பொடிகளிலும் சேர்கின்றன.

30 கிராம் உடம்பு

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜெரிகர் கிளியின் எடை சுமார் 30 கிராம். எடைக் கணக்கில் பார்த்தால் அதன் வயிற்றுக்குள் போகும் 1 மைக்ரோகிராம் ஈயம், 60 கிலோ மனிதர் 2 மில்லிகிராம் விழுங்குவதற்குச் சமம். பறவையின் அரைவைப்பை உலோகத் துணுக்கை அமிலத்தில் ஊறவைத்து அரைத்துக்கொண்டே இருப்பதால், சிறு துணுக்குகூட நாள்கணக்கில் நஞ்சைக் கசியவிடும்.

கூண்டுக் கம்பியின் துத்தநாகப் பூச்சைப் பறவை கொறித்து நஞ்சேறுவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வைட்டமின் சி, ஆப்பிள் சிடர் வினிகர் போன்ற புளிப்பான சேர்மானங்களைத் துத்தநாகம் பூசிய கிண்ணத்தில் ஊற்றிவைத்தால் பூச்சிலிருந்து துத்தநாகம் கரைந்து நீரில் இறங்கும். சத்து சுத்தமாக இருந்தாலும் பாத்திரம் கெடுத்துவிடும்.

மஞ்சளும் விதிவிலக்கல்ல

'இயற்கை' என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. வங்கதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் பூசப்பட்டதை ஆய்வாளர்கள் 2019-இல் அம்பலப்படுத்தினார்கள். அரசு கெடுபிடி காட்டியதும் 2021-க்குள் சந்தை மஞ்சளில் அந்தக் கலப்படம் ஏறக்குறைய மறைந்தது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு சொன்னது. குருவித் தீனியில் ஒரு சிட்டிகை மூலிகைப் பொடி தூவுபவர் இதையும் யோசிக்க வேண்டும்.

அதற்காகக் கால்சியமே கூடாது என்பதில்லை. விதை மட்டுமே தின்னும் கிளிக்குக் கால்சியம் குறையும். ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கு அதனால் வலிப்பே வரும். போதாக்குறைக்கு, கால்சியம் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். சமச்சீரான பெல்லட் தீனி தின்னும் பறவைக்கோ பெரும்பாலும் தனிப் பொடி தேவைப்படாது.

எச்சத்தைப் பாருங்கள்

சோர்வு, வாந்தி, எடை குறைதல், எச்சத்தில் நீர் மிகுதல், தொங்கும் இறக்கை, வலிப்பு ஆகியவை உலோக நஞ்சேறியதன் அறிகுறிகள். அமேசான் கிளிகளில் ஈய நஞ்சு ஏறினால் எச்சம் ரத்தம் கலந்ததுபோல் சிவக்கும். இவை வேறு நோய்களிலும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். உலோகத் துணுக்கை எக்ஸ்ரே காட்டிவிடும். பொடியில் கரைந்து போன ஈயத்தைக் காட்டாது. ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது.

உலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்ற கால்சியம் ஈ.டி.டி.ஏ. ஊசியோ, வாய்வழியே டி.எம்.எஸ்.ஏ. மருந்தோ தருவார்கள். அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். அவரிடம் போகும்போது பறவையோடு சத்துப் பொடி டப்பா, தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் எடுத்துச் செல்வது நல்லது. பொடியை மீண்டும் வாங்குவதானால், அந்தத் தொகுதிக்கான ஈய, காட்மியப் பரிசோதனை அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். தர மறுத்தால் வேறு பொடியைத் தேடலாம்.