பட்டன் தேயாத டயரும் வெடிக்கும்

அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா, ஏசி ஓடுகிறதா, அடுப்பு எரிகிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். டயருக்கு மட்டும் ஒரு உதை, ஒரு பார்வை. "பட்டன் அப்படியே இருக்கிறதே" என்பார் விற்பவர். பொய் சொல்லவில்லை. வருஷத்தில் பத்து மாதம் கொல்லையில் நிற்கும் வண்டிக்குப் பட்டன் எப்படித் தேயும்? கார் டயர் ஓடி ஓடித் தேயும். டிரெய்லர் டயர் நின்ற இடத்திலேயே வெயிலில் காயும். உள்ளே ரப்பருக்கும் கம்பிப் பின்னலுக்கும் உள்ள ஒட்டு மெல்ல விட்டுப்போகும். பிறகு ஒரு கோடைப் பயணத்தில், நெடுஞ்சாலை வேகத்தில், மேல்பட்டை உரிந்து பறக்கும். அந்தப் பட்டை சும்மா போவதில்லை. சக்கரக்கூட்டைக் கிழித்து, அடியில் ஓடும் கேஸ் குழாயையும் பிரேக் வயரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

ஆகவே பட்டனை விட்டுவிட்டு வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அதன் பிறந்த நாள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். படுங்கள், கூச்சப்பட வேண்டாம். இத்தனை ஆண்டில் கழற்றியாக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. டிரெய்லரை விடாமல் இழுப்பவர்கள் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள், அது எனக்கும் சரியாகவே படுகிறது. கடையில் 'புது டயர்' வாங்கும்போதும் இதே நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். கிடங்கில் இரண்டு வருடம் கிடந்ததை மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

அடுத்தது சுமை. டிரெய்லர்களில் சகஜமான 3,500 பவுண்ட் அச்சை எடுத்துக்கொள்வோம். பல பழைய வண்டிகளில் இந்த அச்சுக்கு எஸ்டி 205/75 ஆர் 14 அளவில் சி சுமை ரக டயர் இரண்டு மாட்டியிருப்பார்கள். 50 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று தாங்குவது 1,760 பவுண்ட். இரண்டும் சேர்ந்து 3,520. மிச்சம் இருப்பது 20 பவுண்ட், அதாவது ஒரு மூட்டை சோனா மசூரி! எடையில் ஒரு பங்கை இழுக்கும் வண்டியின் கொக்கி வாங்கிக்கொள்ளும் என்பது சரிதான். ஆனால் சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கும். இதனால்தான் ஆர்வி இண்டஸ்ட்ரி அசோசியேஷன் என்ற தொழில் அமைப்பு, அச்சின் கொள்ளளவைவிட டயர்கள் 10 சதவீதமாவது கூடுதலாகத் தாங்க வேண்டும் என்று 2017 செப்டம்பரிலிருந்து தன் உறுப்பினர்களுக்கு விதித்தது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் கணக்கை நீங்களே போட வேண்டும். அதே அளவில் டி ரகம் 65 பிஎஸ்ஐ காற்றில் 2,040 பவுண்ட் தாங்கும், விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. ஆனால் அந்த அழுத்தத்தைச் சக்கர டிஸ்க்கும் தாங்குமா என்று அதன் பின்புற முத்திரையைப் பார்த்த பிறகே மாற்றுங்கள். 65-க்கு மேல் காற்றடிக்கும் டயர் என்றால் ரப்பர் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு போடச் சொல்லுங்கள். தண்ணீர், துணிமணி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு லாரி நிறுத்தத்து எடைமேடையில் ஒருமுறை நிறுத்தினால் ஊகத்துக்கே வேலையில்லை.

எஸ்டி என்ற முன்னெழுத்து டிரெய்லருக்கென்றே செய்த டயரைக் குறிக்கும். கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதன் சுமைக் கணக்கை 1.10-ஆல் வகுத்துக் குறைக்க வேண்டும். கார் டயரில் உள்ள தேய்மானம், பிடிமானம், வெப்பம் ஆகிய தரக் குறிகள் எஸ்டி டயருக்குக் கட்டாயம் இல்லை. கார்களுக்கான புதிய டயர் பாதுகாப்புத் தரவிதி 139-ம் எஸ்டி டயரைத் தொடவில்லை. விலையைத் தவிர வேறெதையும் ஒப்பிட வழியில்லாமல் வாங்குபவரை நிறுத்தும் இந்த விதிவிலக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. கையில் இருப்பது வேகக் குறி ஒன்றுதான். எல் என்றால் மணிக்கு 75 மைல், எம் என்றால் 81. குறியே இல்லாவிட்டால் 65-ஐத் தாண்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் எந்த டிரெய்லரை இழுத்தாலும் சட்டப்படி 55தான்.

காற்றைக் காலையில், வண்டி நகரும் முன்பு பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைத் திறந்து விட்டால் டயருக்கு நாமே குழி பறிக்கிறோம். கார்களில் கட்டாயமான காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி டிரெய்லரில் கட்டாயமில்லை. நான்கு டயரில் ஒன்று காற்றிழந்தால் பக்கத்து டயர் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கும், ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்துவது வீண் செலவல்ல.

இனி உரிமைகள். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அதையடுத்து அந்த ஆண்டு நவம்பரிலேயே வாகன, டயர் குறைகளுக்கான ட்ரெட் சட்டம் வந்தது. குறையுள்ள டயர் திரும்ப அழைக்கப்பட்டால், முதலில் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் இருக்கும்வரை இலவசப் பரிகாரம் உங்கள் உரிமை. அறிவிப்பு வந்த 180 நாளுக்குள் டயரைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அறிவிப்பு வர உங்கள் முகவரி தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டுமே! புது டயர் வாங்கும்போது பதிவுப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள், அல்லது இணையத்தில் பதியுங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் டயரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

டயர் வெடித்தால் கிழிந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். டிஓடி எண், வண்டிச் சேதம், பில் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அதே தளத்தில் புகார் பதியுங்கள். பல டயர் வாரண்டிகள் டயரின் விலையில் ஒரு பங்கைத்தான் தரும், வண்டியின் தரை பெயர்ந்ததற்குத் தராது. அதை உங்கள் காப்பீட்டு பாலிசி ஏற்குமா என்று பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். புகார் எழுதி என்ன ஆகப்போகிறது என்பவர்கள் குட்இயர் ஜி159 கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 முதல் 2003 வரை தயாரான அந்த டயர் மோட்டார் ஹோம்களில் மாட்டப்பட்டது. விபத்து வழக்குகளின் ஆவணங்கள் நீதிமன்ற ரகசிய உத்தரவுகளுக்குள் கிடந்தன; நேரே அரசிடம் பதியும் புகார் அப்படி முடங்காது. என்எச்டிஎஸ்ஏ விசாரணை தொடங்கியது 2017 டிசம்பரில், டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டது 2022-இல்.